கேமுக்குள் ஒளிந்திருப்பவை: எது வேண்டுமென்றே வைத்தது, எது பிழை, எது வெறும் கதை?

காரைதீவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, கேமுக்குள்ள ஒளிச்சு வச்ச ரகசியம் எண்டு யூடியூப்ல ஆயிரம் வீடியோ கிடக்கு. இதெல்லாம் செய்தவங்க வேணுமெண்டே வச்சதா, இல்ல பிழையா வந்ததா? பாதி பொய் மாதிரியும் கிடக்கு. எது உண்மை எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சுருக்கமாகச் சொன்னால் மூன்று வகையும் இருக்கிறது தம்பி. ஆனால் வேண்டுமென்றே ஒளித்து வைத்தவை கொஞ்சம்தான். அதைவிடப் பல மடங்கு அதிகம், இடம் போதாமல், நேரம் போதாமல், பிழை எங்கே என்று தேட அவகாசம் இல்லாமல் செய்தவர்கள் போட்ட ஒட்டுகள். மட்டக்களப்பில் கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன், கேம் ஃபைல்களைத் திறந்து பார்ப்பது பழைய பழக்கம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: யூடியூப்காரர் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும் ரகசிய அறைகளை விட இந்த ஒட்டுகள்தான் பார்க்கப் பார்க்கச் சுவையானவை. ஒரு மனிதன் நெருக்கடியில் எப்படி யோசித்தான் என்பது அதில் அப்படியே தெரியும்.

முதலில் வேண்டுமென்றே வைத்தவற்றை முடித்துவிடுவோம். இப்படி ஒளித்து வைத்தவற்றை ஈஸ்டர் முட்டை என்பார்கள். அந்தப் பெயர் வரக் காரணமானது, டிவியில் இணைத்து விளையாடும் அட்டாரி 2600 மெஷினில் 1980இல் வந்த அட்வென்ச்சர் என்ற கேம். வாரன் ராபினெட் என்பவர் தனி ஆளாகச் செய்தது. அந்தக் காலத்தில் அட்டாரி, விளையாட்டைச் செய்தவருடைய பெயரைப் பெட்டியிலும் போடாது, திரையிலும் போடாது. எத்தனை கெசட் விற்றாலும் அவருக்குச் சம்பளம் மட்டும்தான். ராபினெட் என்ன செய்தார் என்றால், தரை இருக்கிற அதே சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு புள்ளியை ஓர் இடத்தில் வைத்தார். அந்தப் புள்ளியைத் தூக்கிக்கொண்டு சரியான இடத்துக்குப் போனால் சுவர் வழிவிடும், உள்ளே ஓர் அறை, அறை முழுக்க நிறம் மாறி மாறி மின்னும் எழுத்தில் "செய்தவர் வாரன் ராபினெட்". யாருக்கும் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். பிறகு அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடப் பொடியன் கண்டுபிடித்துக் கம்பனிக்கே கடிதம் எழுத, அங்கே இருந்த ஸ்டீவ் ரைட் என்ற மேலாளர் இது நல்லாத்தானே இருக்கிறது, ஈஸ்டருக்குப் பிள்ளைகள் முட்டை தேடுவது மாதிரி, இனி வரும் கேம்களிலும் வைப்போம் என்றார். அங்கிருந்துதான் அந்தப் பெயர். இதே மனக்குறையில்தான் 1979இல் அட்டாரியின் நான்கு புரோகிராமர்கள் வெளியேறி, செய்தவர் பெயரைப் பெட்டியில் போடும் அக்டிவிஷனைத் தொடங்குவதில் சேர்ந்தார்கள். ஆகவே வெறும் பகிடிக்காக வந்த விஷயம் என்று இதை நினைக்க வேண்டாம். "இதை நான்தான் செய்தேன்" என்று சொல்ல வேறு வழி இல்லாத ஓர் ஆள் கண்டுபிடித்த வழி அது.

அட்வென்ச்சருக்கும் முன்னால் இப்படி இருந்திருக்கிறது. 1977இல் வந்த ஸ்டார்ஷிப் 1 என்ற ஆர்கேட் மெஷினில் சில பொத்தான்களைச் சரியான வரிசையில் அழுத்தினால் "ஹாய் ரான்" என்று திரையில் வரும் (ரான் என்பது அதைச் செய்தவருடைய பெயர்), பத்து முறை இலவசமாக விளையாடலாம். அதை 2017இல்தான் வெளியே கண்டுபிடித்தார்கள். நாற்பது வருடம் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஜிடிஏ என்ற கார்த் திருட்டு விளையாட்டு வரிசையில் இருப்பவை எல்லோருக்கும் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வைஸ் சிட்டியில் தொலைக்காட்சி நிலையக் கட்டடத்தின் ஒரு குறிப்பிட்ட ஜன்னலுக்குள் பாய்ந்தால் உள்ளே சொக்லட் முட்டை ஒன்று நிற்கும். சான் அன்ட்ரியாஸில் பெரிய பாலத்தின் உச்சிக்குப் பறந்து போனால் "இங்கே ஈஸ்டர் முட்டை ஒன்றும் இல்லை, போய்விடு" என்று பலகை. ஜிடிஏ 4இல் சிலைக்குள் ஏறிப் போனால் சங்கிலியில் கட்டிய இதயம் துடிக்கும். மூன்றுமே உண்மை. டூம் 2இன் கடைசிப் பூதத்துக்குள் அதைச் செய்தவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவின் தலை கம்பத்தில் குத்தப்பட்டு இருக்கும், அந்தப் பூதம் பேசுவதைத் திருப்பிப் போட்டுக் கேட்டால், வெல்ல வேண்டுமென்றால் ஜான் ரொமேரோவாகிய என்னைக் கொல்ல வேண்டும் என்று வரும். பேட்மேன் ஆர்க்கம் அசைலத்தில் (2009) சிறை அதிகாரியின் அறையில் ஒரு சுவரை வெடிவைத்து உடைத்தால் அடுத்த பாகத்தின் வரைபடமே உள்ளே இருக்கும். மாதக்கணக்கில் ஒருவரும் கண்டுபிடிக்காமல் கடைசியில் செய்தவர்களே வாய் திறந்து சொல்ல வேண்டி வந்தது.

சரி, இப்போது ஒட்டுகளுக்கு வருவோம்.

சூப்பர் மேரியோவை (1985) டிவியில் கெசட் போட்டு விளையாடியவர்கள் இன்னொருக்கா வடிவாகப் பாருங்கள். மேலே மிதக்கும் வெள்ளை மேகமும் கீழே நிற்கும் பச்சைப் பற்றையும் ஒரே படம். மேகத்துக்குப் பச்சை பூசி நிலத்தில் இறக்கி, அடிப்பகுதியை மறைத்துவிட்டார்கள். அந்த மெஷினில் படம் ஒரு பக்கம் இருக்கும், நிறம் இன்னொரு பக்கம் இருக்கும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பூச்சியத்தில் இருந்து மூன்று வரை ஓர் எண் மட்டும்தான். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதைத் தனிப் பட்டியல் சொல்லும். பட்டியலை மாற்றினால் அதே படம் வேறு பொருளாகிவிடும். முழு விளையாட்டுமே 40 கிலோபைட், இன்றைக்கு வட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த 40க்குள் முப்பத்திரண்டு கட்டம், பாட்டு, எதிரிகள், இளவரசி எல்லாம்.

பிரின்ஸ் ஒஃப் பெர்சியா (1989) இன்னும் ஒரு படி மேலே. ஜோர்டன் மெக்னர் தன் தம்பிக்கு வெள்ளை உடுப்புப் போட்டு ஓட விட்டு, குதிக்க விட்டு, வீடியோ எடுத்து, அதை ஒவ்வொரு படமாகப் பிரித்து வரைந்துதான் அந்த இளவரசனின் நடையைக் கொண்டு வந்தார். அந்த ஓட்டத்தில் ஒரு மனிதக் கனம் தெரிவது அதனால்தான். ஆனால் இந்தப் படங்களே நினைவகத்தை முழுக்கத் தின்றுவிட்டன. எதிரி ஒருவனை வரைய இடம் இல்லை. எதிரி இல்லாமல் விளையாட்டு சப்பென்று இருக்கிறது என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லிக்கொண்டே இருக்க, அவருக்கு ஒரு யோசனை வந்தது. இளவரசனுடைய அதே படத்தை ஒரு புள்ளி தள்ளி அதன் மேலேயே வைத்து, இரண்டும் ஒத்துப்போகும் இடத்தை அழித்துவிடும் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், உருவத்தின் ஓரம் மட்டும் மினுங்குகிற ஒரு நிழல் மனிதன் கிடைக்கிறான். புதிதாக ஒரு படமும் தேவையில்லை. கண்ணாடிக்குள் பாயும்போது உங்களுக்குள் இருந்து பிரிந்து ஓடுகிறானே, அவன்தான் இவன். கண் முன்னாலேயே மருந்தைக் குடித்துவிட்டுப் போவான், பிறகு கடைசியில் வாளோடு வந்து நிற்பான். அவனை வெட்டினால் உங்கள் உயிர்தான் குறையும், ஏனென்றால் அவன் நீங்கள்தானே. வாளை உறைக்குள் போட்டுவிட்டு நேரே நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். அந்த விளையாட்டில் எல்லோரும் மறக்காமல் வைத்திருக்கும் பகுதி இதுதான், அது பிறந்தது நினைவகம் தீர்ந்துபோனதால். பிறகு காவலர்களுக்கும் எப்படியோ இடம் தேடிச் சேர்த்தார்.

போக்கிமோனில் ஒளிந்திருக்கும் மியூ என்ற உயிரினமும் இப்படித்தான். 1996இல் முதல் விளையாட்டு முடிந்து, சோதனைக்காக உள்ளே வைத்திருந்த கருவிகளை வழித்து எடுத்ததும் கிட்டத்தட்ட 300 பைட் மிஞ்சியது. ஷிகேகி மொரிமோட்டோ அந்த இடத்துக்குள் மியூவைச் சொருகினார். கடைசி நேரத்தில் அப்படிக் கை வைப்பது பயங்கர ஆபத்தான வேலை, கெசட் அச்சான பிறகு திருத்தவே முடியாது.

இடம் மட்டுமா, நேரமும்தான். ரெசிடென்ட் ஈவிலில் (1996) ஒவ்வொரு கதவும் இருட்டில் மெதுவாகத் திறக்குமே, பயமுறுத்தத்தான் என்று எல்லோரும் நினைத்தோம், உண்மையில் அந்த நேரத்தில் அடுத்த அறை சிடியில் இருந்து ஏறிக்கொண்டிருக்கும். சைலன்ட் ஹில்லின் (1999) மூடுபனி, பிளேஸ்டேஷனால் தூரத்தை வரைய முடியாததை மறைத்தது. ஜாக் அன்ட் டக்ஸ்டரில் ஓர் இடத்துக்கு அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடினால் ஜாக் கால் தடுக்கி விழுவான், அவன் எழும்புவதற்குள் மிச்சம் ஏறிவிடும். இப்போது வரும் பெரிய கேம்களில் ஆள் அடிக்கடி ஒடுங்கிய பாறை இடுக்குக்குள் பக்கவாட்டில் நுழைந்து போவதும் பல இடங்களில் இதற்குத்தான். இன்னொன்று: ஏறும் நேரத்தில் சின்ன விளையாட்டு ஒன்று விளையாட விடலாமே என்று யோசித்திருப்பீர்கள். நாம்கோ கம்பனி ரிட்ஜ் ரேசரில் அதைச் செய்தது, செய்துவிட்டுக் காப்புரிமையும் (பேட்டன்ட்) எடுத்துக்கொண்டது. 2015இல் அது காலாவதியாகும் வரை மற்றவர்கள் அந்தப் பக்கம் போகப் பயந்தார்கள். இருபது வருடம் உலகம் முழுக்கப் பிள்ளைகள் வெறும் கோடு நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

பிழையாக வந்து, நல்லாக இருக்கிறதே என்று விட்டு வைத்தவை தனிக் குடும்பம். ஸ்பேஸ் இன்வேடர்ஸை (1978) எடுங்கள். 55 உருவங்களை அசைக்க அந்தப் புரொசஸர் திணறியது, சுடச் சுடக் கூட்டம் குறையும், குறையக் குறைய மெஷினுக்கு வேலை குறையும், மிச்சம் இருப்பவை வேகமாக ஓடும். டொமோஹிரோ நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டார். கடைசி ஒன்று கண்மண் தெரியாமல் ஓடுமே, அந்தப் படபடப்பு அப்படி வந்தது. முதல் ஜிடிஏ, ஸ்கொட்லாந்தில் ரேஸ் அன்ட் சேஸ் என்ற பெயரில் தொடங்கியபோது சும்மா ஒரு கார் துரத்தும் விளையாட்டு, சுவாரசியமே இல்லை என்று நிறுத்திவிடும் நிலை. ஒரு பிழையால் பொலிஸ் கார்கள் வெறி பிடித்தது மாதிரி உங்களை மோத ஆரம்பித்தன, பரிசோதித்தவர்களுக்கு அதுதான் பிடித்துவிட்டது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் அடியோடு அடி சேர்த்துப் போடும் கொம்போவும் யாரும் திட்டமிட்டது இல்லை. மைன்கிராஃப்டின் க்ரீப்பர், பன்றிக்கு உயரத்தையும் நீளத்தையும் மாற்றிக் கொடுத்ததால் வந்த உருவம். அதே மைன்கிராஃப்டில் கஸ்ட் என்ற பறக்கும் பூதம் போடும் அந்தக் கீச்சுச் சத்தம், இசையமைத்தவருடைய பூனையின் குரல்.

கொன்ட்ராவில் முப்பது உயிர் எடுக்க மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பீ ஏ அடித்த தலைமுறை இங்கே நிறைய இருக்கிறது. அது கொன்ட்ராவுக்காகச் செய்ததே இல்லை. கொனாமியில் கசுஹிசா ஹஷிமோட்டோ 1986இல் கிரேடியஸ் என்ற ஆர்கேட் விளையாட்டை வீட்டு மெஷினுக்கு மாற்றும்போது, சோதிப்பதற்குக்கூடத் தன்னால் அதைத் தாண்ட முடியவில்லை என்று தனக்காக வைத்துக்கொண்ட குறுக்கு வழி. எடுக்காமலே வெளியே போய்விட்டது. பிறகு எல்லா விளையாட்டிலும் வைக்க ஆரம்பித்தார்கள்.

மூடி மறைத்த பிழைகளில் எனக்கு மிகவும் பிடித்தது சோனிக் 3டி. அதை வெளியிட்ட சேகா கம்பனியின் பரிசோதனையில் விளையாட்டு எங்காவது முறிந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கெசட் அச்சிடும் திகதி தள்ளிப் போகும். அதைச் செய்த ஜான் பர்ட்டன், எங்கே முறிந்தாலும் நேராக ஒரு ரகசியக் கட்டத் தேர்வுத் திரைக்குப் போகும்படி வைத்துவிட்டார். பார்ப்பவருக்கு, ஆஹா ஒளித்து வைத்த மெனு கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றும். கெசட்டின் பக்கத்தில் கையால் தட்டினாலே அது வரும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள், தட்டினால் தொடர்பு விட்டு விளையாட்டு முறிகிறது, அவ்வளவுதான். விங் கொமாண்டரில் (1990) வெளியேறும்போது நினைவகப் பிழைச் செய்தி ஒன்று வந்துகொண்டே இருந்தது, காரணம் பிடிபடவில்லை, வெளியிட நாளும் இல்லை. செய்தியில் இருந்த எழுத்துகளை மாற்றி "விங் கொமாண்டர் விளையாடியதற்கு நன்றி" என்று போட்டு அனுப்பினார்கள். ஃபோல்அவுட் 3இன் ஒரு கூடுதல் பாகத்தில் நீங்கள் போகும் சுரங்க ரயில், ரயிலே கிடையாது. அந்த விளையாட்டை இயக்கும் மென்பொருளுக்கு ஓடும் வண்டி என்றால் என்னவென்று தெரியாது, அதனால் ரயில் பெட்டியை ஒரு கவசமாகச் செய்து உங்கள் ஆளின் உடம்பில் மாட்டி, கமராவை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

இதை எல்லாம் விட ஆழமான ஒன்று 2025இல் வெளிவந்தது, சான் அன்ட்ரியாஸ் பிரியர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய ஆட்களுக்குத் தண்ணீரில் இறங்கும் ஸ்கிம்மர் விமானம் திடீரென்று காணாமல் போனது. மற்றது எல்லாம் சரி, அது மட்டும் இல்லை. எல்லோரும் மைக்ரோசொஃப்டைத் திட்டினார்கள். அந்த விளையாட்டுக்குப் பல வருடமாகத் திருத்தங்கள் செய்து இலவசமாகக் கொடுக்கும் ஒருவர் உட்கார்ந்து தோண்டிப் பார்த்தார். விளையாட்டின் டேட்டா ஃபோல்டரில் வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கிறது, வரியின் கடைசியில் முன் சில்லு, பின் சில்லு அளவுகள் எழுதியிருக்கும். ஸ்கிம்மரின் வரியில் அந்த அளவுகள் இல்லை. ஏன் இல்லை? வைஸ் சிட்டியில் ஸ்கிம்மர் படகுக் கணக்கில் இருந்தது, படகுக்குச் சில்லு அளவு தேவையில்லை. சான் அன்ட்ரியாஸில் அதை விமானக் கணக்குக்கு மாற்றியவர் கடைசி எண்களைச் சேர்க்க மறந்துவிட்டார்.

அப்படியென்றால் இருபது வருடம் எப்படி ஓடியது? வரியைப் படிக்கும் பகுதி, எண் கிடைக்காவிட்டால் என்ன போடுவது என்று முன்கூட்டி ஒன்றும் எழுதி வைக்கவில்லை. நினைவகத்தில் அந்த இடத்தில் முன்னால் என்ன கிடந்ததோ அதையே எடுத்துக்கொள்ளும். ஸ்கிம்மருக்கு முந்திய வரி ஒரு வேன். வேனுடைய சில்லு அளவு அங்கேயே அழியாமல் கிடந்தது, அதை எடுத்துக்கொண்டு விமானம் சந்தோஷமாகப் பறந்தது. 24எச்2இல் விண்டோஸ் தன் உள்வேலை ஒன்றைச் செய்யும் விதத்தைக் கொஞ்சம் மாற்றியது, அந்த வேலை இப்போது நினைவகத்தின் அதே மூலையைக் கூடுதலாகப் பாவிக்கிறது, வேன் விட்டுப்போன எண்ணின் மேல் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது. அதைச் சில்லு அளவாக எடுத்தால் பிரபஞ்சத்தை விடப் பெரிய எண். சீட் கோட் (ரகசியக் குறியீடு) அடித்து அந்த விமானத்தை வரவழைத்து உள்ளே ஏறியவர்களை அது வானத்துக்கு அப்பால் எறிந்தது. தவறு விண்டோஸில் இல்லை, 2004இல் விடுபட்ட ஓரிரண்டு எண்களில். கடைக்கு வரும் ஆட்கள் "நேற்று வரைக்கும் நல்லாத்தானே ஓடினது" என்று சொல்வதைத் தினமும் கேட்கிறேன், பல நேரம் அது நேற்று வரை ஓடியதே ஆச்சரியமாக இருக்கும்.

விளையாடுகிறவருக்குத் தெரியாமல் செய்யும் உதவிகள் பற்றி யூடியூப்காரர் குறைவாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் இன்றைய கேம்களில் ஒளிந்திருப்பதில் பெரும் பங்கு இதுதான். செலெஸ்டில் (2018) பாறை ஓரத்தைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும் ஒரு கண நேரம் குதிக்க விடுவார்கள். தரையைத் தொடுவதற்கு முன்பே பொத்தானை அழுத்திவிட்டாலும் ஞாபகம் வைத்துத் தொட்டதும் குதிக்கும். இது இல்லாவிட்டால் "நான் அமத்தினனே, குதிக்கயில்ல" என்று கொன்ட்ரோலரைத் தூக்கி எறிவோம். பயோஷொக்கில் (2007) உங்களைக் கொன்றிருக்க வேண்டிய அடி வந்தால், உயிர் துளியாக நின்று ஒன்றிரண்டு நொடிக்கு வேறு எதுவும் படாது. மயிரிழையில் தப்பினேன் என்று நீங்கள் கூட்டாளிகளுக்குச் சொல்லும் கதைகளில் பல இப்படித் தயாரானவை. ரெசிடென்ட் ஈவில் 4 (2005), நீங்கள் அடிக்கடி செத்தால் சத்தமில்லாமல் எதிரிகளைக் குறைக்கும், நன்றாக ஆடினால் கூட்டும்.

இதை ஏமாற்று என்று சிலர் சொல்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை, விளையாடுபவரின் சந்தோஷத்துக்காகச் செய்தால் அது நல்ல கைவேலை. ஆனால் இதே வித்தையைக் காசு பக்கம் திருப்பலாம், அங்கேதான் கவனம் தேவை. பப்ஜி மொபைலில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாளே ஆளுக்கு மேல் ஆளாகச் சுட்டு விழுத்துகிறார்களே, அதில் கனபேர் மெஷின் ஆட்கள். உற்சாகம் வர வேண்டும் என்பதற்காக. 2017இல் அக்டிவிஷனுக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது: காசு கொடுத்து வாங்கும் ஆயுதம் வைத்திருப்பவரோடு புதியவரைக் கோர்த்துவிட்டு, அவருக்கும் வாங்க ஆசை வரும்படி செய்யும் முறை. எந்த விளையாட்டிலும் அதைப் பாவிக்கவில்லை என்று கம்பனி சொன்னது. ஆனாலும் அப்படி யோசித்து எழுதியே வைத்திருக்கிறார்கள் என்பதை ரீலோட் காசில் டயமண்ட் வாங்கும் தம்பிமார் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இனி நம்மூரில் கனபேர் தங்கள் கண்ணாலேயே பார்த்து, என்னவென்று தெரியாமல் போன ஒன்று. ஜிடிஏ 4 கம்பியூட்டருக்கு வந்தது 2008 கடைசியில். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் கொப்பி பண்ணிய இறுவட்டுகள் கடைகளில் தாராளம். ஒரு பொடியன் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான், கேமைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் கமரா குடிகாரன் பார்வை மாதிரி இடமும் வலமும் ஆடுகிறது என்றான். வேறு ஒரு கடையில் கிராபிக்ஸ் கார்ட் பழுது என்று சொல்லிப் புதிதாக ஒன்று விற்றும் இருக்கிறார்கள். போட்டு ஓட விட்டேன், அவன் சொன்னது மாதிரியே, கதாநாயகன் நிக்கோ நேராக நிற்கிறான், ஊர் முழுக்கத் தள்ளாடுகிறது. கார்ட்டில் ஒரு குறையும் இல்லை. கள்ளக் கொப்பி என்று விளையாட்டே கண்டுபிடித்துக் கொடுத்த தண்டனை அது. குடித்தால் ஆடும் கமராவை அது நிரந்தரமாக இயக்கிவிடும். பேட்மேன் ஆர்க்கம் அசைலத்தில் இதே மாதிரி இறக்கை விரிக்க விடாமல் ஓர் இடத்தைத் தாண்ட முடியாது செய்திருந்தார்கள். கேம் டெவ் டைக்கூனில் (2013) நீங்கள் ஒரு கேம் கம்பனி நடத்த வேண்டும். கள்ளக் கொப்பியில் விளையாடினால் உங்கள் கற்பனைக் கம்பனியின் கேம்களை எல்லோரும் கள்ளக் கொப்பி எடுத்து அது வங்குரோத்தாகிவிடும். அதை விளையாடியவர்களில் சிலர் இணையத்தில் வந்து "இந்தக் கொப்பி எடுப்பவர்களை நிறுத்த ஏதும் வழி இருக்கா" என்று கேட்டும் இருக்கிறார்கள்.

கிரிக்கெட் 07இல் நம் ஆட்களின் பெயர்கள் ஏன் கோணல் மாணலாக இருந்தன என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அது பிழை இல்லை, ரகசியமும் இல்லை. இலங்கை அணிக்கு உரிமம் வாங்கவில்லை, உண்மைப் பெயரைப் போட்டால் வழக்கு வரும். அதனால்தான் பெயரைத் திருத்தும் இடத்தை விளையாட்டுக்குள்ளேயே திறந்து விட்டிருந்தார்கள், முரளியை முரளியாக்குவது நம் வேலை.

பொய்க் கதைகள். முதலில் காந்தி. மட்டக்களப்பு காந்தி பூங்காவில் மாலையில் போனோடு இருக்கும் பொடியன்களைக் கேட்டாலும் இந்தக் கதை வரும்: 1991இல் வந்த, நாடுகளை ஆளும் விளையாட்டான சிவிலைசேஷனில் காந்திக்கு ஆவேச அளவு 1, ஜனநாயகத்துக்கு மாறினால் 2 குறையும், பூச்சியத்துக்குக் கீழே போக முடியாததால் சுற்றி 255 ஆகி, காந்தி அணுகுண்டு போடத் தொடங்கிவிடுவார் என்று. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, பூச்சியத்தில் இருந்து 255 வரை மட்டும் போகும் எட்டு பிட் எண்கள் உண்மையிலேயே அப்படிச் சுற்றும். பக்மேனின் 256ஆவது கட்டத்தில் திரையின் பாதி குப்பையாகிப் போவது அதனால்தான். ஆனால் காந்தி விஷயத்தில் அப்படி ஒரு பிழை இருக்கவே இல்லை என்று அதைச் செய்த சிட் மெயரே 2020இல் வெளியிட்ட தன் நினைவுக்குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டார். கதை பரவத் தொடங்கியதே 2012 பக்கம்தான். 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில் காந்தியின் அணுகுண்டு ஆசையைப் பத்துக்குப் பன்னிரண்டு என்று வேண்டுமென்றே பகிடிக்கு வைத்தார்கள், அதிலிருந்து பின்னோக்கிக் கட்டிய கதை இது.

சான் அன்ட்ரியாஸ் காட்டில் பிக்ஃபுட் என்ற குரங்கு மனிதன் கிடையாது. ஃபைல்களில் அப்படி ஓர் உருவமே இல்லை, வீடியோவில் காட்டுவது எல்லாம் மொட் (வெளியாட்கள் செய்து சேர்க்கும் மாற்றம்) போட்டது. ஜிடிஏ 5இல்தான், இவ்வளவு கதைக்கிறார்களே என்று, அதை ஒரு மிஷனாக வைத்தார்கள். சான் அன்ட்ரியாஸில் ஆள் இல்லாமல் ஓடும் பேய்க் கார் மட்டும் உண்மை, பேய்தான் இல்லை. அந்தப் பழைய அடிபட்ட காரைச் சரிவான இடத்தில் விளையாட்டு கொண்டு வந்து வைக்கிறது, பிரேக் இல்லாமல் அது பாட்டுக்கு உருண்டு வருகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்கள் அல்லவா தம்பி. நான் பார்ப்பது இதைத்தான்: செய்தவர் தன் பெயரோடு எங்காவது சொல்லியிருக்கிறாரா, அல்லது மொட் போடாத கொப்பியில் வேறு ஆட்களும் அதே இடத்தில் அதே மாதிரிச் செய்து பார்த்திருக்கிறார்களா, அல்லது ஃபைலுக்குள் அந்தப் படமோ சத்தமோ வரியோ இருக்கிறதா. மூன்றில் ஒன்றாவது இல்லை என்றால் நான் நம்புவதில்லை. "என்ட மச்சான்ட கூட்டாளி கண்டவன்" என்பது கணக்கில் வராது. பழைய கேம்களில் பாவிக்காமல் விட்டுப்போன படம், கட்டம், வசனம் எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் த கட்டிங் ரூம் ஃப்ளோர் என்ற தளம் இருக்கிறது, அங்கே ஒருக்கா தேடிவிட்டு யூடியூப்புக்குப் போங்கள். பிரின்ஸ் ஒஃப் பெர்சியாவின் மூல நிரலை மெக்னர் 2012இல் எல்லோருக்கும் திறந்து விட்டார், தொலைந்துபோன டிஸ்க்குகளை அவருடைய அப்பா வீட்டில் எங்கேயோ ஒரு பெட்டிக்குள் கண்டெடுத்த பிறகு. டூமின் நிரல் 1997இல் இருந்தே இலவசம். ஃப்ரீ ஃபயர், பப்ஜி மாதிரி ஒன்லைன் கேம்களில் இப்படித் தோண்டுவது கஷ்டம், பாதி விஷயம் அவர்களுடைய சர்வரில் இருக்கிறது, ஃபைலில் கை வைத்தால் கணக்கையே தடை செய்துவிடுவார்கள், அதைச் செய்ய வேண்டாம்.

தொடங்க நல்ல இடம் பழைய சான் அன்ட்ரியாஸ்தான், கம்பியூட்டர் பதிப்பு. டேட்டா ஃபோல்டருக்குள் ஹேண்ட்லிங் என்று ஒரு ஃபைல் இருக்கும், முதலில் அதைக் கொப்பி எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு நோட்பேடில் திறங்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு எண்ணும் என்ன என்று செய்தவர்களே எழுதி வைத்த விளக்கம் அப்படியே கிடக்கிறது. கீழே வண்டிக்கு ஒரு வரி. பெயருக்கு அடுத்து வரும் எண் அந்த வண்டியின் எடை, கிலோவில். சைக்கிளின் எடையை லொறியின் எடைக்கு மாற்றிச் சேமித்துவிட்டு, ஒரு காரில் கொண்டுபோய் மோதிப் பாருங்கள்.